இசட் விசையும் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும்

1. ஒரு ஃப்ளொப்பி வேலை

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் கொம்பியூட்டர் கடை இருந்தது. முதலாளி ரஹீம் நானா, திகனைக்காரர். ஒரு காலத்தில் ரேடியோவும் கசெட் பிளேயரும் திருத்தியவர். கொம்பியூட்டர் வந்ததும் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினார். திருத்துவதற்கு என்னை வைத்துக்கொண்டார். நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது.

யுத்தக் காலம். வடக்கில் சண்டை, கொழும்பில் குண்டு, கண்டிக்குள் நுழையும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. போதாததற்கு அந்த வருடம் மழை பொய்த்து ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டு. எங்கள் வேலை நேரத்தை மின்சார சபைதான் தீர்மானித்தது.

அப்போது எங்களிடம் வந்தவை பெரும்பாலும் வெளிநாட்டில் யாரோ பாவித்துக் களைத்த பெட்டிகள். டூ எய்ட்டி சிக்ஸ், ஒரு மெகாபைட் மெமரி, நாற்பது மெகாபைட் ஹார்ட் டிஸ்க். இன்று உங்கள் போனில் எடுக்கும் பத்துப் பதினைந்து படங்கள் அந்த டிஸ்க்கை நிரப்பிவிடும். அவற்றில் விண்டோஸ் போட்டால் பெட்டி மூச்சு வாங்கும். டொஸ் போட்டால் துள்ளி ஓடும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. கட்டளையை டைப் பண்ண வேண்டும், அது செய்யும். ஒரே ஒரு ஃப்ளொப்பியில் முழு டொஸ்ஸும் எனக்குத் தேவையான ஐந்தாறு கருவிகளும் அடங்கும். அந்த ஃப்ளொப்பியை பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் திரிந்தேன். கண்டியில் எந்தப் பெட்டி எழும்பாவிட்டாலும் என் டின் போனால் எழும்பும் என்று எனக்கு நினைப்பு. அந்த நினைப்புத்தான் பிரச்சினை என்று பிறகு தெரிந்தது.

2. அழுத்தினேன்

ஒரு திங்கட்கிழமை தேவராஜா சேர் நான்கு பெட்டிகளை வானில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தவர், கண்டியில் முப்பது வருடம். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றபின், ஒரு கோயிலுக்குப் பின்னால் இருந்த சமூக சேவைக் கந்தோரில் சம்பளமில்லாமல் வேலை செய்தார். தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் எடுத்துக் கொடுப்பதுதான் அந்தக் கந்தோரின் வேலை. அட்டை இல்லாத தமிழர் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டால் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாத காலம் அது.

நான்கில் மூன்று ஜேர்மனியிலிருந்து நன்கொடையாக வந்தவை. நாலாவது கந்தோரின் பழைய பெட்டி. அதன் ஹார்ட் டிஸ்க் பாக்குவெட்டி மாதிரிச் சத்தம் போடத் தொடங்கியிருந்தது.

"மூண்டுக்கும் இங்கிலீஷ் டொஸ் போட வேணும் பிள்ளை. எல்லாம் ஜேர்மனில கதைக்குது," என்றார் சேர். "பழசில நானூற்றுப் பன்னிரண்டு பேற்ற விபரம் கிடக்கு. அதை நல்ல டிஸ்க் ஒண்டுக்கு மாத்திப்போடு. வெள்ளிக்கிழமை கலஹாவுக்கு நடமாடும் சேவை வருது. அட்டைக் கந்தோர் ஆக்கள் அந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் வேலை செய்வினம்."

"நாளைக்கே தந்துடுறேன் சேர்," என்றேன்.

முதல் இரண்டு பெட்டிகளையும் கடைக் கீபோர்ட்டை மாட்டி மத்தியானத்துக்கு முன்பே முடித்தேன்; மூன்றாவதில் அதன் சொந்தக் கீபோர்ட்டே இருந்தது. மூன்றாவதற்கு முறையான வழி இதுதான்: முதலில் ஜேர்மன் டிஸ்க்கை மட்டும் ஃபோர்மட் செய்து டொஸ் போட வேண்டும். பிறகு பெட்டியைத் திறந்து, கந்தோர் டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டிக் கொப்பி பண்ண வேண்டும். இரண்டு மணிக்குக் கரண்ட் போகும். பெட்டியை இரண்டு தரம் திறப்பானேன் என்று இரண்டு டிஸ்க்கையும் ஒரேயடியாக மாட்டினேன். எது முதலாவது, எது இரண்டாவது என்பதை டிஸ்க்கின் பின்னால் உள்ள ஜம்பர் என்ற சின்னச் செருகிதான் சொல்லும். பக்கத்தில் அச்சிட்டிருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது. அனுமானத்தில் செருகினேன்.

ஃப்ளொப்பியைப் போட்டு எழுப்பி, சி டிரைவை ஃபோர்மட் செய்யச் சொன்னேன். எல்லாம் அழியும், தொடரவா என்று டொஸ் கேட்டது. வை அழுத்தி என்டர் தட்டினேன். அது ஏற்காமல் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டது. திரையில் வை இருக்க வேண்டிய இடத்தில் இசட் விழுந்திருந்தது. ஜேர்மன் கீபோர்ட்டில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. 'அட' என்று எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு, இசட் என்று எழுதியிருந்த விசையை அழுத்தினேன். ஏற்றுக்கொண்டது.

யோசிப்பதற்கு அந்தப் பெட்டி எனக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தது. அதை நான் கீபோர்ட் புதிரை அவிழ்க்கச் செலவழித்தேன்.

ஐந்து நிமிடத்தில் ஃபோர்மட் முடிந்து, டொஸ்ஸும் டிஸ்க்கில் ஏறியது. இனிக் கந்தோர் விபரத்தைக் கொப்பி பண்ணலாம் என்று டி டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வரிசையாக ஜேர்மன் பெயர்கள் வந்தன. மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஜேர்மன்தான். அப்படியென்றால் நான் துடைத்தது எதை?

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நின்றது. கீழே புடவைக் கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

3. நம்புவார், அதுதான் பயம்

ரஹீம் நானா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கோப்பையை வைத்தார்.

"நானூறு பேரும் போச்சா?"

"ஆமாங்க நானா."

"வேற கொப்பி?"

"சேர்கிட்ட கடுதாசியில இருக்கும்னு நெனைக்கிறேன்." பிறகு, இன்றும் சொல்ல வெட்கமான ஒன்றைச் சொன்னேன். "அந்த டிஸ்க்கு ஏற்கனவே சத்தம் போட்டுக்கிட்டுத்தானே நானா வந்திச்சு. மாட்டும்போது செத்துப்போச்சுன்னு சொன்னா சேர் நம்புவாரு."

"நம்புவார் தங்கச்சி. அதுதான் எனக்குப் பயம்," என்றார் நானா. "நீங்க போய் உள்ளதச் செல்லுங்க. நான் வரல்ல. நான் வந்தா வாய் சும்மா ஈக்காது, உங்களக் காப்பாத்தப் போய் நல்ல பொய்யொண்டு செல்லிடுவன்."

கந்தோருக்கு நடந்தே போனேன். இருபது நிமிட நடைக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. சேர் யன்னலோரம் கதிரையில் இருந்து ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். ஜம்பர், கரண்ட் வெட்டு, ஜேர்மன் கீபோர்ட் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆர் அழிச்சது?"

"நான்தான் சேர்."

"ஓம்," என்றார். பேனாவை மூடி வைத்தார். "இரு பிள்ளை."

"கடுதாசி ஃபோர்மெல்லாம் இருக்குதுங்களா சேர்? நான் ராப்பகலா உக்காந்து திரும்ப டைப் பண்ணித் தந்துடுறேன்."

"கடதாசி இல்லை. ஒவ்வொண்டா டைப் பண்ணி முடிய நான் எரிச்சுப்போட்டன்."

நான் முழித்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பட்டப்பகல் பதினொரு மணிக்குத் தமிழரைத் தேடி அவருடைய வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரையும் மனைவியையும் தங்கள் குசினிக்குள் மறைத்து வைத்தது. யன்னல் இடுக்கால் அவர் பார்த்தார்.

"வந்தவங்கட கையில லிஸ்ட் ஒண்டு இருந்தது. பேர், வீட்டு இலக்கம், எல்லாம் ஒழுங்கா டைப் பண்ணினது. விரலை வைச்சு வாசிச்சு வாசிச்சு வீடு வீடாப் போறாங்கள். வாக்காளர் லிஸ்ட். கச்சேரியில அப்பிடி லிஸ்ட் எத்தினை நான் டைப் பண்ணியிருப்பன். அதுவும் நான் டைப் பண்ணினதாயே இருக்கலாம், பிள்ளை."

நான் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"அதுக்குப் பிறகு தமிழாக்கள்ற பேர் விலாசத்தைக் கடதாசியில அடுக்கி வைக்க எனக்கு மனம் வாறேல்லை. கொம்பியூட்டருக்க பூட்டி வைச்சால் ஆரும் தூக்கிக்கொண்டு ஓடேலாது எண்டு நினைச்சன். அழியும் எண்டு நினைக்கேல்லை." என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு. என்ன செய்யலாம் எண்டு சொல்லு."

திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என்ன செய்யலாம் என்று கேட்டதால் யோசிக்க வேண்டியதாயிற்று.

4. பொருளடக்கம் கிழிந்த புத்தகம்

அந்தக் கால டொஸ் ஹார்ட் டிஸ்க்கை ஃபோர்மட் செய்யும்போது உள்ளே இருப்பதை உண்மையில் துடைப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் வெறுமையாக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தெறிந்த மாதிரி. பக்கங்கள் அப்படியே கிடக்கும், மேலே வேறு எழுதாதவரை. இது எனக்குத் தெரியும். பயத்தில் மறந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கரண்ட் வந்தவுடன், டொஸ்ஸோடு வரும் அன்ஃபோர்மட் கட்டளையை ஓட விட்டேன். சேர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். நானா மூன்றாவது கதிரையைக் கொண்டு வந்தார். வாடிக்கையாளர் யார் வந்தாலும், "பேஷன்ட் ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள ஈக்கி, பின்னேரம் வாங்க," என்று திருப்பி அனுப்பினார்.

ஒரு மணித்தியாலம் ஓடி, பெயர்க் கோப்பின் தலைப்பகுதியைப் பிடித்துக் கொடுத்தது. நூற்று அறுபது பேர். அதோடு அறுந்துவிட்டது. பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டைப் பண்ணிய கோப்பு என்பதால், மீதி டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அதைக் கையால்தான் தேட வேண்டும். டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்தையும் திறந்து காட்டும் ஒரு கருவி என் ஃப்ளொப்பியில் இருந்தது. எதைத் தேடுவது?

"எல்லாற்ற விலாசத்திலயும் கலஹா எண்ட சொல் இருக்கும்," என்றார் சேர்.

கலஹா என்று இங்கிலீஷில் டைப் பண்ணித் தேடினேன். ஒரு துண்டு கிடைத்தது. எட்டுப் பேர். இன்னொரு துண்டு, பதினைந்து பேர். கிடைத்ததையெல்லாம் உடனுக்குடன் ஃப்ளொப்பியில் இறக்கினேன். சேர் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒன்று முதல் நானூற்றுப் பன்னிரண்டு வரை இலக்கம் போட்டு, பெயர் கிடைக்கக் கிடைக்கச் சரி போட்டார். பெயரை மட்டும் எழுதவில்லை, கவனித்தேன். வெறும் இலக்கம்தான்.

இடையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோட்ட லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக் குண்டு மாமாவின் விபரம் திரையில் வந்தது. இருபது வருடமாக அவரை எனக்குத் தெரியும். அவருடைய உண்மையான பெயர் அலெக்ஸாண்டர் என்று அன்றுதான் தெரிந்தது.

"சிரிக்கிறாய்?" என்றார் சேர். சொன்னேன். அவரும் சிரித்தார். இரண்டு நாளில் முதல் தடவை.

புதன்கிழமை பின்னேரம் முந்நூற்று எழுபத்தொரு பேர் மீண்டிருந்தார்கள். இருநூற்று மூன்றிலிருந்து இருநூற்று நாற்பத்து மூன்று வரை ஒன்றுமே இல்லை. அவர்கள் டிஸ்க்கின் தலைப்பக்கத்தில், டொஸ்ஸுக்கு அடுத்த இடத்தில் இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. பழைய டொஸ்ஸைவிட நான் போட்ட டொஸ் கொஞ்சம் பருமன். அது உட்கார்ந்த இடத்தில் நாற்பத்தொரு பேர் நசுங்கிவிட்டார்கள். அவர்களை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

அதைச் சொன்னபோது சேர் கொப்பியை மூடினார். "இருநூறாம் இலக்கங்கள் மேல் டிவிஷன். நான் டிவிஷன் டிவிஷனாத்தான் டைப் பண்ணினனான். நாளைக்கு முதல் பஸ்ஸில போறன், நீயும் வா."

டிவிஷன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு. எனக்கு அந்த இலக்க ஒழுங்கு தெரிந்திருக்க வழியே இல்லை.

5. மடுவத்தில்

மேல் டிவிஷனில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை நிறுவை தொடங்கியிருந்தது. கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கங்காணியிடம் அனுமதி கேட்டு, எல்லோருக்கும் முன்னால் நின்று நானே சொன்னேன்.

"போன தடவ நீங்க குடுத்த பேரு விவரமெல்லாம் கம்பியூட்டர்ல இருந்திச்சுங்க. நான் தப்பா ஒரு பட்டனத் தட்டி அழிச்சிட்டேன். நாளைக்கு நடமாடும் சேவை. திரும்ப எழுதிக்கத்தான் வந்திருக்கோம்."

"பொட்டிக்கே நம்ம பேரு நிக்கலயா?" என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி. வள்ளியம்மை என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் பெருமாள் சிரிக்கவில்லை. "ஒருக்கா எழுதிக் குடுத்தோமே, அந்தக் கடுதாசி எங்க? அழிஞ்சதுங்கிறீங்க. வேற யார் கையிலயாச்சும் போயிருச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ரெண்டு பயலுகளப் பேரச் சொல்லிக் கூப்புட்டு ஆமி ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க."

வரிசையில் சிரிப்பு நின்றது. அது நியாயமான கேள்வி.

சேர் குடையை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "கடதாசியை நான்தான் எரிச்சனான், தலைவர். ஒண்டும் விடாமல்." ஏன் எரித்தார் என்பதையும் சொன்னார். என்னிடம் சொன்ன அதே கதை, யன்னல் இடுக்கு, விரல் வைத்து வாசித்தது, தான் டைப் பண்ணியிருக்கலாம் என்பது வரை. அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் பழக்கம். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை.

பெருமாள் என் கையிலிருந்த கொப்பியைக் காட்டினார். "இப்ப எழுதுற கடுதாசிய என்னா செய்வீங்க?"

"டைப் பண்ணி முடிய இந்தப் பிள்ளை உங்களிட்டக் கொண்டுவந்து தரும். நீங்களே எரியுங்கோ."

வள்ளியம்மை கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் குந்தினாள். "எழுது தங்கச்சி. வள்ளியம்மை. அப்பா பேரு கருப்பையா. பொறந்த தேதி கேக்காத. பழைய பாலம் அடிச்சுக்கிட்டுப் போன வருசம்."

"அது எந்த வருசங்க?"

"அது உங்க பொட்டிக்குத் தெரியணும்," என்றாள். மறுபடி சிரிப்பு வந்தது. அதோடு வரிசை என் பக்கம் திரும்பியது.

மூன்று மணிக்கு நாற்பது பேர் முடிந்தார்கள். நாற்பத்தோராவது யார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. பெருமாள்தான் லயம் லயமாக விரல் மடக்கி எண்ணிக் கண்டுபிடித்தார். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண். அட்டை இல்லாததால் ஒரு வருடமாக ஊருக்கு வரப் பயந்து அங்கேயே இருந்தாள். அவளுடைய தாயைக் கூட்டி வந்து எழுதினோம்.

திரும்பும் பஸ்ஸைக் கெட்டம்பேச் சாவடியில் நிறுத்தினார்கள். ஆமிக்காரர் என் பையைத் திறந்து கொப்பியை எடுத்தார். நாற்பத்தொரு தமிழ்ப் பெயர், விலாசத்தோடு. சேரின் முகம் வெளிறியது. இது என்ன லிஸ்ட் என்று ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டார். அடையாள அட்டைக்காக என்றேன். ஏன் கையால் எழுதியிருக்கிறது என்றார். கொம்பியூட்டரில் இருந்ததை நான் அழித்துவிட்டேன், நாளைக் காலைக்குள் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"ஒயாத மெகுவே?" என்றார். நீயா அழித்தாய் என்று. தலையாட்டினேன். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, கொப்பியைத் தந்து ஏறச் சொன்னார். என் மடத்தனம் அந்த வாரத்தில் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

6. மிச்சம்

வெள்ளிக்கிழமை விடிய டைப் பண்ணி, டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரில் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் இறக்கினோம். ரிபன் மங்கல், ஆனால் வாசிக்கலாம். சேர் அதை ஒரு மாற்று வேட்டியால் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எட்டரை பஸ் ஏறினார். சேர் வாக்குக் கொடுத்தபடி அடுத்த கிழமை நான் கொப்பித் தாள்களைப் பெருமாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மடுவத்துக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினார். சேர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வரி: "மிச்ச இரண்டு பெட்டியையும் நீயே பார்."

பிறகு முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். ஃபோர்மட் கொடுக்குமுன் டிரைவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டதில்லை. கொப்பி எடுக்காமல் ஒருவருடைய டிஸ்க்கையும் தொட்டதில்லை. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைத்தான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன். பிழை விட்டால் வாடிக்கையாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மருந்தில் பாதி உங்கள் ஃப்ளொப்பியில் இருக்கும், மீதிப் பாதி அவரிடம்தான் இருக்கும். டிஸ்க் செத்துப்போச்சு என்று சொல்லியிருந்தால், கலஹா என்று தேடச் சொல்ல ஆளிருந்திருக்காது. மேல் டிவிஷனுக்கு வழியும் தெரிந்திருக்காது.

சில மாதம் கழித்து ஒரு பகலில் வள்ளியம்மை எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். கண்டிக்குத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவையாம். சேலை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவசரத்தில் நான் டைப் பண்ணிய பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.

"ஐயோ அக்கா, பேரைப் பிழையா அடிச்சிட்டேன். திருத்தி எடுத்துத் தரவா?"

"கெடக்கட்டும்," என்றாள். அட்டையை வாங்கி முடிச்சுக்குள் வைத்துக் கட்டினாள். "சாவடியில பஸ்ஸ நிப்பாட்டி எறங்கச் சொன்னான். காட்டினேன். ஏறிக்கன்னான். ஏறி வந்துட்டேன்."